கொல்லைப்புறக் கொட்டகை: மூன்று மழைக்காலம் கடந்த பின் ஒரு மதிப்பீடு

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில், 2022 பங்குனியில், பன்னிரண்டுக்குப் பத்து அடி அளவில் ஓர் இரும்புக் கொட்டகை போட்டுக்கொண்டோம். ஆயத்தமாகக் கிடைக்கும் கொட்டகையை வாங்கி இறக்கிவைக்கவில்லை. அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து கதவுக்குப் பூட்டு மாட்டியது வரை உள்ளூர்ப் பட்டறை ஒன்றிடம் எங்கள் அளவுக்குச் சொல்லிச் செய்துகொண்டது. பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஏனென்றால் நான் பாராட்டுவதிலும் குறை சொல்வதிலும் பெரும்பகுதி நம் பக்கத்துப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. வேலை முடிந்தவுடன் எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன், ஒரு மாதம் கழித்து எழுதியிருந்தால் இரண்டு கொடுத்திருப்பேன். மூன்று ஐப்பசி கார்த்திகைகளைப் பார்த்துவிட்ட இப்போதுதான் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

முதலில் பழைய கொட்டகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அது போன விதம்தான் புதியதற்கு நான் வைத்த நிபந்தனைகளுக்கெல்லாம் காரணம். பனங்கை வாரைகளின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்டு, தாத்தா காலத்தில் எழுப்பிய கொட்டகை அது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையைக் கடந்தபோது, அதன் கூரை எங்கள் கொல்லையில் விழவே இல்லை. இரண்டு வீடு தள்ளித் தென்னந்தோப்பில் துண்டு துண்டாகக் கிடந்தது. சுவர் நின்றது, தூண்கள் நின்றன, வாரைகள்கூடப் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. ஷீட்டை வாரையோடு பிடித்திருந்த கொக்கிகள் மட்டும்தான் துருவேறி இற்றுப் போயிருந்தன. கொட்டகை இடிந்து விழவில்லை, மேலே பிய்த்துக்கொண்டு போனது என்பது எனக்கு அன்று விளங்கியது. (அந்த உடைசல்களை அப்போது வெறுங்கையால் பொறுக்கினோம். ஆஸ்பெஸ்டாஸை உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் அகற்ற வேண்டும், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பது பிறகுதான் தெரிந்தது.)

ஆகவே பட்டறைக்காரரிடம் நான் முதலில் கேட்டது விலையை அல்ல. காற்றின் வேகத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிட கட்டடங்களுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பாகத்தில் ஓர் எளிய வாய்பாடு இருக்கிறது: வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதனாலேயே பெருக்கி, அதை 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால் அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 92 கிலோ எடைக்குச் சமம். இறவாணத்தையும் சேர்த்து எங்கள் கூரை பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு அடி, அதாவது சுமார் பதினான்கரை சதுர மீட்டர். அவ்வளவு கூரையையும் காற்று மேல்நோக்கி உறிஞ்சினால் தோராயமாக 1,300 கிலோ இழுப்பு வரும். ஆனால் அந்தக் கூரை ஷீட்டுகளின் மொத்த எடையே 65 கிலோவைத் தாண்டாது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்ப கீழ பாரம் வேணும் சார், மேல பிடி வேணும்" என்றார். மற்ற இரண்டு பட்டறைகளில் இதே தாளைக் காட்டியபோது "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்ற பதில்தான் கிடைத்தது. இவரிடம் வேலையைக் கொடுத்ததற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம்.

கீழே பாரம் என்ற பகுதியை அவருடைய ஆட்கள் குறையில்லாமல் செய்தார்கள் என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். எங்கள் மண் களிமண். சித்திரை வைகாசியில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடித்து, மழை பெய்ததும் ஊதிப் பெருக்கும். அந்த மண்ணின் மேல் வெறும் செங்கல் வரிசையில் தூணை நிறுத்தினால் இரண்டே வருடத்தில் ஒரு மூலை தூக்கிக்கொண்டு கதவு சாத்தாமல் போகும். அதனால் ஆறு தூணுக்கும் இரண்டுக்கு இரண்டு அடியில் மூன்றடி ஆழம் குழி எடுத்து, அடியில் நான்கு அங்குலம் சாதாக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் ஓர் அடி கனத்துக்குச் சிமெண்டு, மணல், ஜல்லி ஒன்று, ஒன்றரை, மூன்று என்ற விகிதத்தில் கம்பி வைத்த கான்கிரீட் போட்டார்கள். இந்தக் கட்டி ஒவ்வொன்றும் சுமார் 270 கிலோ. ஆறுக்கும் சேர்த்து 1,600 கிலோவுக்கு மேல் வருகிறது. அதன் மேல் மிதித்து நிரப்பிய மண்ணின் எடை தனி. பிறகு ஆறு கான்கிரீட் கால்களையும் தரைமட்டத்தில் ஒரு பெல்ட் கான்கிரீட்டால் ஒன்றோடொன்று கட்டினார்கள். இந்த பெல்ட் முதல் எஸ்டிமேட்டில் இல்லை. குழி தோண்டும்போது மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்த கொத்தனார்தான் இது வேண்டும் என்றார், அதற்குக் கூடுதலாக 9,000 ரூபாய் ஆயிற்று. இன்றுவரை தரையிலோ அரைச் சுவரிலோ ஒரு மயிரிழை வெடிப்புகூட இல்லாததற்கு அந்த 9,000 ரூபாய்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூலைமட்டம் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். நூல் கட்டி ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று நான்கு மூலையிலும் பார்த்தார்கள். அதோடு விடாமல் எதிரெதிர் மூலைகளின் குறுக்களவையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கால் அங்குலம் இருந்தது, அதற்காகவே ஒரு முளையைப் பிடுங்கி மறுபடியும் அடித்தார்கள். கூரை ஷீட்டு போடும்போது கடைசி ஷீட்டு கோணலாக நிற்காமல் இறவாணத்தோடு ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்ததன் சூட்சுமம் இந்தக் கால் அங்குலத்தில்தான் இருந்தது.

தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கிராவல் நிரப்பி, பாலித்தீன் விரித்து, மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டு, கதவுப் பக்கம் அரை அங்குலம் வாட்டம் விட்டார்கள். கார்த்திகையில் எங்கள் கொல்லையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிற்பது வழக்கம் என்பதால் அந்த ஒன்றரை அடியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. கான்கிரீட் இறுகத் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைக்கும் ஏழு நாளும் பட்டறையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சாக்கை நனைத்துப் போட்டு, காலையும் மாலையும் குடத்தில் எடுத்து ஊற்றியது என் அம்மா. கூலிப் பட்டியலில் "கியூரிங்" என்று 700 ரூபாய் எழுதியிருந்ததைப் பார்த்து அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் பணம் கொடுத்தோம்.

இரும்பு வந்த அன்று நடந்தது, இந்த மாதிரி வேலை கொடுக்கும் எவருக்கும் பயன்படும். தூணுக்கும் மேல்சட்டத்துக்கும் இரண்டங்குலச் சதுர ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பு, 2.9 மில்லிமீட்டர் கனம் என்று பேசியிருந்தோம். பைப்பின் வாயில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், அறுத்த விளிம்பில் பிசிர் நிற்பதால் கனம் சரியாகத் தெரியாது. ஆனால் எடை பொய் சொல்லாது: இந்தக் கனத்தில் இருபதடி நீளப் பைப்பு ஒன்று கிட்டத்தட்ட 25 கிலோ இருக்க வேண்டும், 2 மில்லிமீட்டர் என்றால் 18 கிலோதான் வரும். பக்கத்து வீட்டில் நெல் மூட்டை போடும் தராசு இருந்தது. இரண்டு பேர் தூக்கி அதன்மேல் குறுக்காக வைத்தபோது முள் பதினெட்டைச் சற்றுத் தாண்டி நின்றது. இன்னொன்றை வைத்தோம், அதுவும் பதினெட்டு. பட்டறைக்காரருக்கு ஃபோன் செய்தேன். வாதாடாமல், "கடையில மாத்தி ஏத்திட்டான் சார், சாயந்திரம் வேற வரும்" என்றார். சாயந்திரம் வேறு வந்தது, எடையும் சரியாக இருந்தது. கடைக்காரர் மாற்றி ஏற்றினாரா, இவர் மாற்றிச் சொன்னாரா என்பதை நான் துருவவில்லை. ஆனால் தராசு இல்லாத வீட்டில் அந்தப் பதினெட்டு கிலோ பைப்புதான் நின்றிருக்கும்.

தூண்களைக் கான்கிரீட்டுக்குள் நேரடியாகப் புதைக்கவில்லை. புதைத்தால் தரையும் இரும்பும் சேரும் இடத்தில் ஈரம் தேங்கி, மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கும்போதே அந்த ஓரங்குலம் மட்டும் இற்றுப்போகும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கான்கிரீட் காலின் தலையிலும் அடி வளைந்த நான்கு ஜே போல்ட்டுகளை முன்பே பதித்து, தூணின் அடித்தகடான எட்டு மில்லிமீட்டர் பேஸ் பிளேட்டை அதன்மேல் உட்காரவைத்து, தூக்குக்குண்டு பிடித்து நட்டுகளை முடுக்கினார்கள். வெல்டரின் கை நல்ல கை. ஆனால் ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சு வெண்புகையாகப் போய்விடும்; கசடைத் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பூச்சை அடித்தால்தான் அந்த இணைப்பு மற்ற பைப்பைப் போல உழைக்கும். இவர்கள் கசடின் மேலேயே ரெட் ஆக்சைடு பெயிண்டை ஒரு கை தடவிவிட்டுப் போனார்கள். முதல் மழை முடிந்ததும் இரண்டு இணைப்புகளிலிருந்து பழுப்புக் கோடு வழிந்தது. நானே 450 ரூபாய்க்கு ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கி, எல்லா இணைப்பையும் தேய்த்து அடித்தேன். அரைநாள் வேலைதான், அதைச் செய்யாமல் விட்டதற்குக் காரணம் நேரமின்மை என்று சொல்ல முடியாது.

கூரை ஷீட்டு 0.50 மில்லிமீட்டர், கலர் கோட்டிங் போட்டது. இந்த 0.50 என்பது பூச்சையும் சேர்த்த கனம். உள்ளே இருக்கும் எஃகு அதைவிட மெல்லியது என்பதை வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும். ஷீட்டின் அடிப்பக்கத்தில் அச்சடித்திருக்கும் எழுத்துகளில் கனத்தோடு ஏ.இசட். 150 என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினியத் துத்தநாகக் கலவை பூசியது என்று அதற்குப் பொருள். விலை குறைந்த ஷீட்டுகளில் இந்த எண் 70-க்குக்கூட இறங்குகிறது, நிறத்தைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பன்னிரண்டடி நீளத்தில் நான்கே ஷீட்டுகளாக வெட்டி வரவழைத்ததால் கூரையின் நடுவில் ஒட்டு இல்லை, ஒழுக்குக்கும் இடமில்லை.

மேலே பிடி என்று அவர் சொன்னதைச் செயலில் காட்டச் சற்றுப் பேச வேண்டியிருந்தது. பட்டறை வழக்கம், ஷீட்டின் நெளிவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ அடிப்பது. காற்று கூரையின் ஓரத்தையும் மூலையையும்தான் அதிகம் உறிஞ்சும் என்பதால், ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் (பர்லின்), இறவாணத்தை ஒட்டிய முதல் பர்லினிலும் கடைசிப் பர்லினிலும் ஒவ்வொரு மேட்டிலும் அடிக்கவைத்தேன். நடுவில் உள்ள இரண்டு பர்லின்களில் அவர்கள் வழக்கப்படியே விட்டுவிட்டேன். ஆக மொத்தம் 52 ஸ்க்ரூ, ஏணியில் ஏறி எண்ணினேன். பள்ளத்தில் அடிக்காமல் மேட்டில் அடித்தது, தண்ணீர் ஓடும் வழியில் துளை இருக்கக் கூடாது என்பதற்காக. ரப்பர் வாஷரை மிஷினால் ஒரேயடியாக நசுக்கிப் பிதுக்கினாலும் தவறு, தளர்வாக விட்டாலும் தவறு. வாஷர் தகட்டின் விளிம்புக்கு வெளியே ரப்பர் லேசாகத் தெரிந்தால் போதும். ஸ்க்ரூ அடித்த பையனுக்கு இருபது வயது இருக்கும். நாலைந்து ஸ்க்ரூவிலேயே கை பிடிபட்டுவிட்டது. அடிக்கும் சத்தத்தைக் கேட்டே நிறுத்தினான்.

அந்த அழகான கூரையைத்தான் அவர்களே கெடுத்தார்கள். சுவர் ஷீட்டில் ஜன்னலுக்கு வெட்ட, தகட்டுக் கத்தரியை எடுக்காமல் இரும்பு அறுக்கும் கை கிரைண்டரை ஓட்டினார்கள். அப்போது கூரையின் நான்காவது ஷீட்டு பக்கத்தில் தரையில் மல்லாந்து கிடந்தது. பொறி பறந்து அதன்மேல் விழுந்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. சூடான இரும்புத் துகள் கலர் பூச்சைச் சுட்டு உள்ளே பதிந்துகொள்ளும். பத்து நாள் பனியில் அந்த வெளிர்நிற ஷீட்டில் குங்குமப் பொட்டு வைத்தாற்போல நூற்றுக்கணக்கான துருப்புள்ளிகள் தெரிந்தன. ஈரத்துணியால் துடைத்தால் பாதி போனது, மீதி போகவில்லை. வெட்டிய ஜன்னல் விளிம்பும் அப்படித்தான், கிரைண்டர் சூட்டில் பூச்சு உரிந்து, இப்போது அரை அங்குலம் வரை துரு ஏறியிருக்கிறது. வேலை முடிந்ததும் கூரையை ஒரு தரம் விளக்குமாற்றால் பெருக்கிவிட்டிருந்தாலாவது துளையிட்டபோது விழுந்த துகள்கள் போயிருக்கும். அதையும் நான்தான் செய்தேன், தாமதமாக.

செலவு, காலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்டிமேட் 94,000 ரூபாய், முடிந்தபோது 1,08,500. பெல்ட் கான்கிரீட்டும் கூடுதல் ஸ்க்ரூவும் இரட்டைக் கதவும் நாங்கள் ஒப்புக்கொண்டு சேர்த்தவை என்பதால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பன்னிரண்டு நாளில் முடிப்பதாகச் சொன்ன வேலை இருபத்தாறு நாள் ஆனது. நடுவில் பங்குனி உத்திரம் வந்தது, அதை நானும் எதிர்பார்த்திருக்க வேண்டும். முறையான ரசீது கேட்டதற்குக் கடைசிவரை துண்டுச்சீட்டுதான் வந்தது.

புழக்கத்தில் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். மூன்றடி வரை செங்கல் சுவர், அதற்கு மேல் ஷீட்டு, கூரைக்குக் கீழே ஆறு அங்குலம் கம்பிவலை என்ற அமைப்பு காற்றோட்டத்துக்கு நல்லது. ஆனாலும் அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே பத்து நிமிடம் நிற்க முடியாது. அதைவிட நான் எதிர்பாராதது மார்கழிப் பனி. விடியற்காலையில் கூரை குளிர்ந்து, உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக விழுகிறது. முதல் வருடம் ஒழுகுகிறது என்று நினைத்து ஏறி ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்த்தேன். கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பபுள் ஷீட்டு விரித்துக்கொள்ளும்படி பட்டறைக்காரர் முதலிலேயே சொன்னார். ஐயாயிரம் ரூபாயை மிச்சப்படுத்துகிறேன் என்று நான்தான் மறுத்தேன். அந்தக் குறை என்னுடையது. யூரியா மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பலகை மேல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுவைக்கிறேன். உரம் ஈரத்தோடு சேர்ந்தால் ஜி.ஐ. இரும்பையும் அரிக்கும் என்பதால், சுவரோரம் வைப்பதே இல்லை. ஷீட்டின் மேடுகளுக்கும் சட்டத்துக்கும் இடையிலான சந்துகளைப் பஞ்சு அடைத்து மூடியிருந்தார்கள், அணில் ஒரே மாதத்தில் அதை இழுத்துப்போட்டுவிட்டது. எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும் என்பதால் அங்கேயும் வலையைச் சுருட்டித் திணித்தேன்.

2024 நவம்பர் கடைசி வாரத்தில், ஃபெஞ்சல் புயல் வடக்கே புதுச்சேரியை நோக்கிப் போவதற்கு முன் எங்கள் பக்கம் கொட்டிய மழையில், கொல்லையில் தண்ணீர் நின்றது. கொட்டகைத் தரைக்கு நான்கு விரற்கடை கீழேயே அது நின்றுவிட்டது, உள்ளே இருந்த விதைநெல் காய்ந்தபடியே இருந்தது. கஜாவைப் போன்ற காற்று இன்னும் வரவில்லை. ஆகவே கூரை தாங்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒவ்வொரு புரட்டாசியிலும் ஏணி போட்டு 52 ஸ்க்ரூவையும் கையால் ஆட்டிப் பார்க்கிறேன். இதுவரை இரண்டு வாஷர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். புயல் அறிவிப்பு வந்தால் கதவை இரண்டு தாழ்ப்பாளும் போட்டுப் பூட்டுகிறேன். கதவு திறந்துகொண்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளும் என்பதால், அன்று இரட்டைக் கதவுக்குக் கொடுத்த பணத்தைவிட அதன் தாழ்ப்பாளுக்குக் கொடுத்த 600 ரூபாயைத்தான் நல்ல செலவாகக் கருதுகிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். என் மைத்துனர் ஆட்டுக்கொட்டகை போடக் கேட்டபோது இதே பட்டறைக்குத்தான் அனுப்பினேன். கிரைண்டரைக் கொல்லைக்குள் கொண்டுவரக் கூடாது, கத்தரியோடு வரச் சொல் என்றும், தராசுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவை என்றும் சொல்லி அனுப்பினேன். புள்ளி விழுந்த அந்த நான்காவது ஷீட்டை மாற்றித் தருவதாகப் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். "பொங்கல் கழிச்சு வந்து மாத்திடுறேன் சார்" என்றார். அதன் பிறகு மூன்று பொங்கல் கழிந்துவிட்டது.